கைவேலை ஒன்றும் குறுக்குவழியல்ல

இறுதியாண்டில் ஆய்வேட்டை விட்டுச் செய்முறைத் திட்டத்தைத் தேர்ந்தால் படிப்பு நீர்த்துப்போகும் என்கிறார்கள். மண்ணின் ஈரத்தை அளந்து மோட்டாரை இயக்கும் கருவியைப் பாருங்கள். மின்னோட்டம் ஓயாமல் பாயும் மலிவான சென்சாரின் முனைகள் ஈரமண்ணில் விரைவிலேயே அரித்துப்போகும், அளவீடு தப்பாகும். காரணத்தைத் தேடி, அளக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் செல்லும்படி மாணவர் மாற்றியமைத்தால், அது ஆய்வு இல்லாமல் வேறென்ன?

திட்டங்கள் விலைக்குக் கிடைக்கின்றனவே என்பார்கள். ஆய்வேடும்தான் கிடைக்கிறது. ஆனால் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சரிசெய்யச் சொன்னால் வாங்கியவரின் சாயம் வெளுத்துவிடும். எழுத்துப் பயிற்சி போய்விடும் என்பதும் சரியல்ல: 1970இலேயே திட்டவழிக் கல்விக்கு மாறிய அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக்கில் திட்டத்தோடு அறிக்கையும் எழுதியாக வேண்டும். வரலாற்றுக்கு ஆய்வேடே பொருத்தம். பொறியியலில் அதைக் கட்டாயமாக்குவது வெறும் பழக்கதோஷம்.