தகவல் தந்தவர்: தந்தை

கேரளத்திலிருந்து போன ஓர் ஆட்கொணர்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்தது. தன் பெண் துணையைப் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் மனு செய்திருந்தார். உயர் நீதிமன்றம் துணையைக் கவுன்சலிங்குக்கு அனுப்பியது. மனு தோற்றது. ஆனால் பாலீர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றும் நோக்கில் கவுன்சலிங் கூடாது, அடைக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவரை நீதிபதி தன் அறையில் தனியே சந்தித்து விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் பிறந்தது.

இது நீதிபதிகளுக்கானது என்று வஞ்சியூர் கவுன்சலரோ நாகர்கோவில் கவுன்சலரோ ஒதுங்க முடியாது. அனுப்புபவர் நீதிபதி, பேசுபவர் கவுன்சலர்.

பேச்சு எப்படிப் போகிறது? ‘படிப்பில் கவனம் வை, பாட்டு கற்றுக்கொள், கோயிலுக்குப் போய் வா.’ ரிப்போர்ட்டில் இது சப்ளிமேஷன், அதாவது பாலுந்துதலை வேறு உயர்ந்த செயல்களுக்குத் திருப்புவது, என்று ஏறுகிறது. பெண்களுக்கு அந்தத் திறன் குறைவு என்று 1908இல் எழுதி அவர்களைத் தாழ்த்தியவர் ஃப்ராய்ட். அவரே 1912இல், சக்திக்கு மீறிய சப்ளிமேஷன் முயற்சியாலேயே பலர் நோயுறுகிறார்கள் என்று மருத்துவர்களை எச்சரித்தார். முதலாவது கருத்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கையை யாரும் நினைப்பதில்லை.

இவ்விதழின் நெடுநாள் கவலை கேஸ் ஷீட்டின் ஒரு வரி: ‘தகவல் தந்தவர்: தந்தை. நம்பகமானது, போதுமானது.’ பெண் வாய் திறக்குமுன்பே அது எழுதப்பட்டுவிடுகிறது. 1900 அக்டோபரில் ஃப்ராய்டிடம், அவர் டோரா என்று பெயரிட்டு எழுதிய பெண்ணையும் தந்தைதான் அழைத்து வந்தார். ஏரிக்கரையில் குடும்ப நண்பர் அத்துமீறியதாக அவள் சொன்னதைக் கற்பனை என்றார் அவர். ஃப்ராய்ட் அவளை நம்பினார். நம்பியும், அந்த ஆள்மீது அவளுக்கிருந்த அருவருப்பையே ஹிஸ்டீரியாவின் அடையாளமாக்கினார். டிசம்பர் 31 அன்று அவள் சிகிச்சையை உதறிவிட்டுப் போனாள்.

1920இல் அவர் எழுதிய கேஸிலும், ஒரு பெண்ணை நேசித்த பதினெட்டு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தது தந்தையே. அவளுக்கு நோயில்லை என்று ஃப்ராய்ட் எழுதினார். சிகிச்சையை நிறுத்தி, தொடர்வதானால் ஒரு பெண் மருத்துவரிடம் போகட்டும் என்றார். நூறாண்டு கழித்தும் இங்கே பல அறைகளில் அந்த அளவு நேர்மைகூட இல்லை.

சமூக வழக்கத்துக்கு ஒத்துவராததை வைத்து மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. பாலீர்ப்பையோ அடையாளத்தையோ மாற்ற முயலும் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது; ஆனால் அது மருத்துவரைத்தான் கட்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கவுன்சலரை எந்த விதி கட்டும் என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. அழைத்து வரப்பட்ட பெண் தனியே பேசினாளா, யார் வற்புறுத்தி வந்தாள் என்ற இரு கேள்விகளைப் படிவத்தில் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும். அதை வெளியிட அதிகாரிகளுக்கு இன்னும் எத்தனை தீர்ப்புகள் வேண்டும்?