பூட்டி வைத்த பியானோ இசை

ஒரு பெண்மணி பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டு இசைப்பதிவு செய்தார். ஆனால் அதை வெளியிட மட்டும் சம்மதிக்கவில்லை!

அவர் பெயர் அன்னி ஃபிஷர். ஹங்கேரி நாட்டுப் பியானோ மேதை. புடாபெஸ்ட் நகரத்துக்காரர். 1995-ம் ஆண்டு அவர் காலமானார். அதன் பிறகுதான் அந்தப் பதிவு வெளியே வந்தது.

கேட்டவர்கள் வியந்தார்கள். விமர்சகர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர்? பியானோ என்றதும் நாலைந்து பெரிய பெயர்களைச் சொல்கிறவர்கள்கூட, அன்னி ஃபிஷர் என்றால் "அது யார்?" என்கிறார்கள். இது அந்த அம்மையாருக்கு நஷ்டம் அல்ல. கேட்காதவர்களுக்குத்தான் நஷ்டம்.

8 வயதில் மேடை

அன்னி ஃபிஷர் 1914-ல் பிறந்தார். 8 வயதிலேயே மேடை ஏறினார். பெரிய வாத்தியக் குழுவுடன் சேர்ந்து, பீத்தோவன் இயற்றிய இசையை வாசித்தார். 1933-ல் புடாபெஸ்டில் நடந்த சர்வதேசப் பியானோ போட்டியில் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது.

பிறகு யுத்தம் வந்தது. அவர் யூத குலத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கை நீண்டுகொண்டிருந்த காலம். கணவருடன் சுவீடன் நாட்டுக்குப் போய்த் தப்பினார். யுத்தம் முடிந்ததும், 1946-ல் சொந்த ஊர் திரும்பினார்.

ஹங்கேரி அரசாங்கத்தின் பெரிய விருதான கொசுத் பரிசு அவருக்கு மூன்று முறை கிடைத்தது. ஐரோப்பாவின் பெரிய ஊர்களில் கச்சேரி செய்தார். லண்டனில் சில இசைத்தட்டுகளும் கொடுத்தார். அவ்வளவுதான். பதிவு நிலையம் என்றாலே அவருக்குப் பிடிக்காது.

ஏன் பிடிக்காது?

எதிரே ரசிகர்கள் இல்லை. சுவரைப் பார்த்து வாசிக்க வேண்டும். மேலும், ஒரு இசையை இன்று ஒருவிதமாக வாசிப்பார். நாளை வேறுவிதமாகத் தோன்றும். எதுவும் முடிந்துபோனது அல்ல என்பது அவர் எண்ணம். பதிவு செய்தால் அது அப்படியே உறைந்துபோகும் அல்லவா?

32 உருப்படிகள்

அப்படிப்பட்டவர்தான் 1977-ல் ஒரு மலையைத் தூக்கத் துணிந்தார். பீத்தோவன் பியானோவுக்காக எழுதிய 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்யத் தொடங்கினார்.

சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட பெரிய உருப்படி. பியானோ சொனாட்டாவை ஒருவரே தனியாக வாசிப்பார். பியானோ பார்வைக்கு ஆர்மோனியம் போல இருக்கும். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை உண்டு. ஆனால் உள்ளே காற்று இல்லை. கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். மெல்லத் தட்டினால் முணுமுணுப்பு. ஓங்கித் தட்டினால் இடி!

32 சொனாட்டாக்களும் சேர்ந்து ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓடும். பீத்தோவனின் வாலிபம், காது கேளாமல் போன துயரம், முதுமையின் அமைதி எல்லாம் அதில் உண்டு. ஆர்தர் ஷ்னாபெல் என்ற மேதைதான் 1930-களில் முதன்முதலாக அவை முழுவதையும் இசைத்தட்டில் பதிந்தவர். இன்று அந்த வரிசையில் எத்தனையோ பேர்.

அவர்களில் பலருடைய வாசிப்பு துடைத்து வைத்த கண்ணாடி போல இருக்கும். அன்னி ஃபிஷரின் வாசிப்பு அப்படி அல்ல. வேகமான இடத்தில் முரட்டுத்தனம் கூட உண்டு. உடனே அடுத்த இடத்தில், வீட்டில் ஒருவர் பேசுவது போல, அலங்காரம் எதுவும் இல்லாத எளிமை. அழகு காட்டுவதற்காக அவர் எங்கும் நிற்பதில்லை.

வெளியிட்டது சரியா?

வேண்டாம் என்றவரின் பதிவை, அவர் போன பிறகு வெளியிடலாமா? நியாயமான கேள்விதான். "பாவம், அவர் விருப்பத்தை மீறிவிட்டார்களே" என்று மனம் சங்கடப்படத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அவர் சொன்னதே சரி. பதிவு எதற்கு? நாளைக் கச்சேரிக்குப் போனால் புதிதாகக் கேட்கலாம். 1995-க்குப் பிறகு நாளைக் கச்சேரி ஏது? மேடையில் எடுத்த பதிவுகள் சில உண்டு. 32-ம் ஒருங்கே இருப்பது இதில் மட்டும்தான். பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், பதினைந்து ஆண்டு உழைப்பும் அவரோடு போயிருக்கும். வெளியிட்டது சரிதான்.

கேட்க விரும்புகிறவர்கள் "நிலவொளி" சொனாட்டாவில் தொடங்கலாம். அந்தப் பெயர் பீத்தோவன் வைத்தது அல்ல. அவர் இறந்த பின் வந்தது. முதல் பகுதி தாலாட்டுப் போல அமைதியாக இருக்கும். குழந்தை தூங்கிவிடும்! பெரியவர்களும் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. மூன்றாவது பகுதிதான் புயல். அன்னி ஃபிஷர் யார் என்பது அங்கேதான் தெரியும். மூன்று பகுதியும் சேர்ந்து கால் மணி நேரம்தான்.