ரீட்மீ ஒன்றே போதுமா?

ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மென்பொருள் பேசும் மேடைகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த பேச்சு இது: “ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பு ஒன்று போதும். ஆவணத்தைப் பல கோப்புகளாகப் பிரிப்பது வெட்டிவேலை.” திறமூலத்தில் இப்போதுதான் கால்வைக்கும் மாணவர்களிடம் போய் இதைச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரே கோப்பில் தேடுவது எளிதாம். எந்தச் சொல்லைத் தேடுவதென்று அறிந்தவருக்கு எளிதுதான். புதிதாக வருபவருக்கு அந்தச் சொல்லே தெரியாதே!

பிரித்தால் பழசாகிவிடுமாம். கவனிக்க ஆளில்லாத ஆவணம் எங்கே இருந்தாலும் பழசாகத்தான் செய்யும்.

கோப்புகளைப் பிரிப்பது புதுமோகம் என்பதுதான் அறியாமையின் உச்சம். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே கட்டளைகள், சிஸ்டம் கால்கள், கோப்பு வடிவங்கள் என ஏழு பகுதிகள் இருந்தன. இன்றும் லினக்ஸில் ‘மேன் பாஸ்வட்’ என்று தட்டினால் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையின் விளக்கம் வரும். ‘மேன் 5 பாஸ்வட்’ என்று பகுதி எண்ணையும் சேர்த்துத் தட்டினால் கணக்கு விவரம் இருக்கும் கோப்பின் வடிவம் வரும். பெயர் ஒன்று, கேள்வி இரண்டு. ஒன்றைக் கேட்டவர் மற்றதைப் படித்து ஏன் திண்டாட வேண்டும்?

லினக்ஸ் கெர்னலும் இதைப் பட்டுத்தான் கற்றது. அதன் ஆவணக் கோப்புறையில் வெறும் உரைக் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தன. 2016-இல், 4.8 பதிப்பில் ஸ்பிங்க்ஸ் ஆவணக் கருவிக்கு மாறத் தொடங்கினார்கள். பிறகு நிர்வாகிகளுக்கு ஒன்று, டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒன்று, பங்களிப்பு நடைமுறைக்கு ஒன்று என்று வாசகரைப் பார்த்துப் பிரித்தார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி இந்த மேடைப் பேச்சாளர்கள் வாயே திறப்பதில்லை. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஊர் இது. நிறுவும் முறை தனிக் கோப்பாக இருந்தால் ஒருவர் ஒரு மாலையில் அதைத் தமிழாக்கிவிடலாம். மூலம் பின்னால் மாறினாலும், அந்தக் கோப்பின் மாற்றங்களை மட்டும் ‘கிட் லாக்’ கட்டளை காட்டிவிடும். ஆயிரம் வரி ரீட்மீயில் யாரோ முகப்புப் படத்தை மாற்றினால்கூட மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்து பார்க்க வேண்டும். இரண்டு முறை பார்ப்பார். மூன்றாம் முறை விட்டுவிடுவார்.

கெர்னல் ஆவணத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு கோப்புறை உண்டு. சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் எல்லாம் அங்கே கோப்பு கோப்பாக வளர்ந்திருக்கின்றன. தமிழ் இல்லை. ஸ்கூடாய் மாணவர்களே, மேடைப் பேச்சை விடுங்கள். உங்கள் திட்டத்தின் நிறுவும் முறையை இன்றே தனிக் கோப்பாக்கி, அதைத் தமிழிலும் எழுதுங்கள்.