ஹாரன் சத்தமில்லாத ரோடு வேண்டுமா? செட்டிநாட்டுக்கு சைக்கிளில் வாங்க!

செட்டிநாடு டூர் என்றால் பெரும்பாலும் எல்லோரும் போடுவது ஒரே பிளான்தான். காலையில் பிள்ளையார்பட்டியில் கும்பிடு, கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் செல்ஃபி, ஆத்தங்குடியில் டைல்ஸ் வேடிக்கை, காரைக்குடியில் சாப்பாடு. சாயங்காலம் காரைக் கிளப்பினால் ராத்திரிக்குள் வீடு. ஒரே நாளில் நாலு ஊர் பார்த்தாச்சு! ஆனால், அந்த நாலு ஊருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. கார் கண்ணாடி ஏறியிருக்கும், ஏ.சி ஓடியிருக்கும், பின் சீட்டில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

நேமத்தான்பட்டி மாதிரியான ஊர்கள் இருப்பது அந்த 'நடுவில்'தான். நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு எழுபத்துச் சொச்சம். அதில் ஒன்று இது. டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும் பட்டியலில் இந்தப் பெயர் பெரும்பாலும் வராது. அதுதான் சைக்கிள்காரர்களுக்கு வசதி.

வெளிநாட்டில் இதற்காகவே பணம் செலவழித்துப் பாதை போடுகிறார்கள். இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கார்தா ஏரிக்கரையில் இருக்கும் பெஸ்கியேரா என்ற ஊரிலிருந்து மாந்துவா நகரம் வரை, மின்சியோ ஆற்றை ஒட்டியே சுமார் 45 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போகிறது. பெரும்பகுதியில் கார், பைக் எதுவும் நுழைய முடியாது. வழியில் பொர்கெத்தோ என்ற குட்டிக் கிராமம். ஆற்றுத் தண்ணீரில் ஓடிய பழைய மாவு மில்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. வடக்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அதிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு பாதை. ஆப்பிள் தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே போகும். கால் வலித்தால் சைக்கிளோடு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். இது போதாதென்று வெனிஸிலிருந்து டூரின் வரை, போ ஆற்றங்கரையோரமாகவே சுமார் 700 கிலோமீட்டர் பாதைக்கு மிலான் பாலிடெக்னிக் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. 'வென்டோ' என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாதைகளுக்காக எல்லா இடத்திலும் புதிதாக நிலம் எடுக்கவில்லை. வெள்ளம் ஊருக்குள் வராமல் இருக்க ஆற்றோரம் கரை கட்டியிருந்தார்கள். அந்தக் கரைமேல் பராமரிப்புக்கு ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. அதைச் சரி செய்து, காரை உள்ளே விடாமல் தடுத்து, வழிகாட்டிப் பலகை வைத்தார்கள். சில இடங்களில் ஓடாமல் நின்றுபோன ரயில் பாதையே சைக்கிள் பாதை ஆனது.

கரை என்றதும் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்குக் கண்மாய்தானே ஞாபகம் வரும்? செட்டிநாட்டில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. அதற்குப் பதிலாக ஊருக்கு ஊர் கண்மாய், ஊருக்குள் ஊருணி. பெய்யும் மழை வரத்துக்கால் வழியாக வந்து நிறையும். மிஞ்சினால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல், நடுவில் செம்மண் கரை. இத்தாலிக்காரர் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு போட்டோ எடுப்பார்!

ஊருக்குள் நுழைந்தால் வேறு காட்சி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர் நேரான தெருக்கள். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். பர்மா தேக்கில் தூண், இத்தாலி மார்பிள் தரை, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் உள்ளே. வெளியே பெரும்பாலும் பூட்டு. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழிலில் சேர்த்த பணத்தில் எழும்பிய வீடுகள் இவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டது. வாரிசுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். கல்யாணம், திருவிழா என்றால்தான் பூட்டு திறக்கும். இத்தாலியில் காரைத் தடுத்து அமைதியை உண்டாக்கினார்கள். இங்கே ஆள் இல்லாததால் அது தானாக வந்தது. சைக்கிள் ஓட்ட சுகமான தெருதான். ஆனால், அந்த சுகத்தில் ஒரு சின்ன உறுத்தலும் கலந்தே இருக்கும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறினால் மட்டும் ஒழுகும் ஓடு சரியாகிவிடாது என்பதைத் தெருவில் மெதுவாகப் போகிறவர் கண்ணே சொல்லிவிடும்.

சரி, போக முடிவு செய்தவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஏப்ரல், மே பக்கம் நினைக்கவே வேண்டாம். நிலம் தட்டை என்பதால் கியர் சைக்கிள் அவசியமில்லை. கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் உள்ள பாரம்பரிய ஹோட்டல்கள் சிலவற்றில் தங்குகிறவர்களுக்கு சைக்கிள் கொடுக்கிறார்கள். குன்றக்குடியில் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு மலைமேல் முருகனைப் பார்த்து வரலாம். அங்கிருந்து பிள்ளையார்பட்டி ரொம்பப் பக்கம்.

கட்டாயம் வேண்டியது பஞ்சர் ஒட்டும் சாமான். சீமைக்கருவேல முள்ளுக்கு உள்ளூர் சைக்கிள், ஃபாரின் சைக்கிள் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. இன்னும் பல கண்மாய்க் கரைகளில் முள் அடைத்துக்கொண்டு ஆளே நுழைய முடியாது. கூகுள் மேப் வழி காட்டுகிறதே என்று நம்பி இறங்காமல், டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

முள்ளைவிடப் பெரிய சிக்கல் ஹைவே. ஊர்களுக்கு நடுவே உள்ள சின்ன ரோடுகளில் நிம்மதியாகப் போய்க்கொண்டே இருப்பீர்கள். திடீரென்று திருச்சி - ராமநாதபுரம் சாலை குறுக்கே வரும். ஆம்னி பஸ்ஸும் லாரியும் பறக்கிற இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். குடும்பமாகப் போக நினைக்கிறவர்கள் தயங்குவது இங்கேதான். கார் இல்லாத பத்து கிலோமீட்டர் இருந்து என்ன பயன், நடுவில் நூறு அடி பயமாக இருந்தால்?

இது டூரிஸ்ட்டுகளின் பிரச்னை மட்டுமா? கடியாபட்டி, ராயவரம் எல்லாம் செட்டிநாட்டு ஊர்கள்தான், ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகின்றன. அந்தப் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கேலி, கிண்டல் எல்லாவற்றையும் தாண்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது, ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்றார்களாம் பலர். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய்வர என்று அவர்கள் வாழ்க்கையே மாறியது. அன்று அவர்கள் ஓட்டியதும் இதே மாதிரி சின்ன ரோடுகளில்தான். அப்போது லாரி குறைவு, கார் அதைவிடக் குறைவு.

தனிப் பாதை என்பது நம் ஊருக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் பழநி ரோட்டைப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் உட்பட லட்சக்கணக்கானோர் பாதயாத்திரை போகும் பாதையில், திண்டுக்கல் - பழநி சாலையோரம் நடப்பவர்களுக்கென்றே தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடப்பவருக்குச் செய்ய முடிந்ததை சைக்கிளில் போகிறவருக்கும் செய்யலாம். ஹைவே குறுக்கிடும் இடத்தில் வேகத்தடையும் ஒரு சிக்னலும். கரையில் முள் வெட்டி, நாலு பக்கமும் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. கரை நெடுக புங்கை, வேம்பு. 700 கிலோமீட்டர் எல்லாம் வேண்டாம். இரண்டு கண்மாய், மூன்று ஊரைச் சேர்க்கிற ஒரு சுற்று போதும்.

டூரிஸ்ட் சீசன் முடிந்தாலும் அந்தப் பாதை சும்மா கிடக்காது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. காலை எட்டரை மணிக்கு, முதுகில் பையோடு வரிசையாக அவர்கள் கடக்க வேண்டியதும் அதே ஹைவேயைத்தான்.