உறங்காத காவலன்

கூடத்தில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே மின்சார விசிறி சுழல்கிறது. அதன் இரைச்சல் ஒரு மணி நேரமாக அவர் செவியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது; ஆயினும் அவர் அதைக் கவனிக்கவில்லை. திடீரென்று அந்த இரைச்சல் சற்றே மாறுகிறது. உடனே தலை நிமிர்கிறது. கவனியாத ஓசை மாறிவிட்டது என்று அவருக்கு அறிவித்தது யார்?

விடை, மூளையின் மின்சாரத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் யேனா நகரத்து மனோவியாதி வைத்தியரான ஹன்ஸ் பெர்கர், மனித மூளையில் எழும் மின்சார அலைகளை 1924-ல் முதன் முதலாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை அவர் வெளியிட்டபோது நம்பியவர்கள் சிலரே. 1934-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் தாங்களும் அந்த அலைகளைக் கண்டு உறுதி கூறிய பிறகே சந்தேகம் அகன்றது.

அந்த அலைகளுக்கிடையே மற்றொரு சிறு அலையை 1978-ல் பின்லாந்து தேசத்து மனோதத்துவ நிபுணர் ரிஸ்டோ நாட்டானெனும் அவருடைய சகாக்களும் பிரித்துக் காட்டினார்கள். இப்போது அதைக் காணும் பரீட்சை எளிதானது. ஒருவர் கையில் புஸ்தகத்தைக் கொடுத்து, காதில் விழும் சப்தங்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. எதிர்பாராத சமயத்தில், சற்று உயர்ந்த ஸ்வரம் ஒன்று குறுக்கிடுகிறது. வினாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் மூளையில் அந்த அலை எழுகிறது. படிப்பவரோ புஸ்தகத்திலேயே ஆழ்ந்திருக்கிறார்!

அதன் அளவு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 5 பங்குதான். டார்ச் விளக்குப் பாட்டரி ஒன்றின் ஒன்றரை வோல்ட்டோடு ஒப்பிட்டால், 3 லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் இதர அலைகளின் ஆரவாரத்தில் அது அமுங்கிப்போகும். ஆகவே பரீட்சையைப் பல தடவை நடத்திச் சராசரி காண்கிறார்கள். தாறுமாறானவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒழுங்காக வருவது மட்டும் எஞ்சுகிறது.

இதிலிருந்து விளங்குவது என்ன? மூளை சப்தங்களை வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை. அவற்றில் ஓர் ஒழுங்கைக் கண்டு, அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது பொய்த்தால் குறித்துக்கொள்கிறது. உறங்கும் பச்சைக் குழந்தையிடமும் இத்தகைய மறுமொழியைக் கண்டிருக்கிறார்கள்.

பிரக்ஞை இழந்து கிடக்கும் நோயாளியின் கட்டிலருகே இந்த அறிவு பெரும் மதிப்புப் பெறுகிறது. பிரான்ஸில் லியோன் நகரத்து வைத்தியர்கள் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த அலை தென்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பின்னர் கண் விழித்தார்கள். அலை தென்படாதவர்களிலும் பலர் விழித்தார்கள் என்பதை மறக்கலாகாது. அலை இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. இல்லையென்பதால் மட்டும் நம்பிக்கையைக் கைவிட நியாயமில்லை. மற்ற அறிகுறிகளையும் வைத்தியர்கள் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஓசையின் மாறுதலை மூளை அறிவது வேறு; சொல்லின் பொருளை உணர்வது வேறு. அலை எழுந்தது என்பதற்காக நம் பேச்சு அவருக்கு விளங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அசைவற்றுக் கிடக்கிறார் என்பதற்காக, அவருக்கு ஒன்றுமே எட்டவில்லை என்று நாமாகத் தீர்மானிப்பதும் தவறு. அத்தகையவர் அருகில் அவரைப் பற்றி அவநம்பிக்கையாகப் பேசாதிருப்பதும், பெயர் சொல்லி அன்புடன் அழைப்பதும் வீட்டார் எல்லோரும் செய்யக்கூடியவை.