கோரை சொன்ன சேதி

போன இதழில் கீரைப் பாத்தி பற்றி எழுதினாலும் எழுதினேன், "களையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா!" என்று கடிதங்கள் வந்துவிட்டன. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்தான். களையிடம் மூன்று வருஷம் தோற்றவள் நான்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். காவிரிப் பாசனக் களிமண். கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டித்தான் கீரைப் பாத்தி. அதில் கீரையைவிடக் கோரைதான் செழிப்பு! பிடுங்கினால் நாலாம் நாள் மறுபடி தலை நீட்டும். கோபம் வந்து மண்வெட்டியால் கொத்தினேன். அது இன்னும் மோசம். கோரைக்கு மண்ணுக்குள்ளே சங்கிலி மாதிரி வரிசையாகக் கிழங்குகள் உண்டு. சங்கிலி அறுந்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைத்துவிடும். ஒன்றைப் பத்தாக்கின புண்ணியம் எனக்கு. (இதே கிழங்கைத்தான் குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்!)

போன வருஷம் மாசியில் வளைகாப்பு முடிந்து என் பெண் வந்தாள். அவளுக்கு நம் கொல்லைக் கீரையைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "மருந்தைத் தெளிச்சா எல்லாம் கருகிடும்" என்று என் வீட்டுக்காரர் பாட்டிலோடு வந்து நின்றார். பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடுகிற கீரைப் பாத்தியில் விஷமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்போது என் மாமியார், "களையையே பாத்துக்கிட்டு நிக்கிறியே, மண்ணைப் பாத்தியா? காலை வெச்சுப் பாரு, சொதசொதன்னு இருக்கு" என்றார். இதை அவர் முன்பும் சொன்னதுண்டு. நான்தான் காதில் வாங்கவில்லை.

துவைக்கிற தண்ணீர் அத்தனையும் பாத்தியில்தான் தேங்கியிருக்கிறது. களிமண் தண்ணீரை லேசில் விடாது. கீரை வேர் மூச்சு முட்டி அழுகும். கோரை எந்த மண்ணிலும் வரும்தான். ஆனால் ஈரம் தங்கின, வெயில் படுகிற வெற்றுமண் என்றால் அதற்குக் கல்யாண விருந்து!

தண்ணீரை வாழைக்குத் திருப்பினோம். சித்திரை வெயிலில் மண்ணைக் கிளறிப் போட்டு, கண்ணில் பட்ட கிழங்கையெல்லாம் பொறுக்கினோம். வெயிலில் நன்றாகக் காய்ந்து சுருங்கின கிழங்கு முளைக்காது. அப்புறம் மக்கின எருப் போட்டு, பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, தட்டைப்பயறு விதைத்தோம். கொடி படர்ந்து மண்ணை மூடிவிட்டது. கோரைக்கு நிழல் ஆகாது.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. வெற்றிடத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். கையுறை போட்டு, பூக்கும் முன்பே பிடுங்குங்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

ஆவணியில் முதல் அரைக்கீரை அறுத்தேன். கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்கு மசித்துக் கொடுத்தேன். கோரை அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்க்கிறது. எருப் போட்ட இடத்தில் இப்போது குப்பைக்கீரை தானாக முளைக்கிறது. பிடுங்கி எறியப் போனேன். "அதை ஏன் எறியிறே? கடைஞ்சுடு" என்கிறார் மாமியார்.