பெருபாரிக்கு ஒரு முறை, கச்சத்தீவுக்கு வேறு முறையா?

மதுரைக்கு மேற்கே சமணமலையின் அடியில் உள்ளது கீழக்குயில்குடி. 1914-இல் அவ்வூர்க் கள்ளர் குடியினரைக் 'குற்றப்பரம்பரை' என்று அறிவித்தது ஆங்கில அரசு. செய்த குற்றத்திற்காக அன்று, பிறந்த குடிக்காக! உழுதுண்டு வாழ்ந்தவனையும் தாளில் எழுதிய ஓர் ஆணை குற்றவாளியாக்கிற்று. அதே கொடுமையை அறுபது ஆண்டுகள் கழித்துப் பாக்குநீரிணையில் தொடங்கிவைத்தது தில்லி.

1974 சூனில் இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இராமநாதபுரம் சேதுபதிகளின் உடைமையாயிருந்த 285 ஏக்கர்க் கச்சத்தீவை இலங்கையின் பக்கம் தள்ளிற்று. தமிழக மீனவர் முன்போலவே அங்குச் சென்றுவரலாம் என ஐந்தாம் பிரிவு ஆறுதல் கூறியது. அவ்வாறுதல் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 1976 மார்ச்சில் இருநாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட மடல்கள், கோட்டுக்கு அப்பால் மீன்பிடிப்பதையே தடுத்துவிட்டன. அது நெருக்கடிநிலைக் காலம். தமிழக அரசு கலைக்கப்பட்டு இரு மாதம்கூட ஆகவில்லை. தட்டிக்கேட்க வாயில்லாத வேளை பார்த்தே மடல் எழுதினர்!

வங்கத்துப் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாக்கித்தானுக்கு விட்டுக்கொடுக்க நேரு 1958-இல் இசைந்தார். அரசியலமைப்பைத் திருத்தாமல் நிலத்தைக் கொடுக்கவியலாது என்று 1960-இல் உச்ச நயன்மன்றம் கூறிற்று. ஒன்பதாம் திருத்தம் வந்தது. 2015-இல் வங்காளதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொள்ள நூறாம் திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு எந்தத் திருத்தமும் வரவில்லை. 'அது வழக்கிலிருந்த நிலம். கொடுக்கவில்லை, எல்லைதான் வரைந்தோம்' என்கின்றனர். வழக்கென்றால், உடையவனைக் கேளாமல் தீர்ப்பது எந்நாட்டு முறை? 1974 ஆகசுட்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியதே, அதற்குச் செவிசாய்த்தவர் யார்?

பெரியநாடு சிறியநாட்டிடம் பணிந்ததாகச் சிலர் வருந்துகின்றனர். பணியவில்லை. கொழும்பின் நட்பைத் தில்லி விலைகொடுத்து வாங்கிற்று; விலைமட்டும் தமிழன் மடியிலிருந்து! 1964-இலும் இதே கதைதான். மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று சாத்திரியும் சிறிமாவோவும் தலையெண்ணிப் பங்கிட்டபோது, அத்தலைகளுள் ஒன்றையேனும் கேட்டாரில்லை.

பாட்டன் வலைவிரித்த நீரில் வலைவிரிக்கும் இராமேசுவரத்து மீனவனுக்கு இன்று 'எல்லை தாண்டியவன்' என்று பெயர்; படகும் போகிறது, சிறையும் காண்கிறான். தீவை மீட்கவேண்டுமெனில் போர்தான் தொடுக்கவேண்டும் என்று 2014-இல் இந்திய அரசின் தலைமை வழக்குரைஞர் உச்ச நயன்மன்றத்தில் உரைத்தார். கொடுப்பதற்குக் கையெழுத்தே போதுமாயிருந்தது போலும்! 2025 ஏப்பிரலில் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் இயற்றி, உடன்படிக்கையை மறுஆய்வு செய்து தீவை மீட்குமாறு தில்லியைக் கேட்டிருக்கிறது.